வறுமையிற் செம்மை: சீனப் பழமொழிகள் பற்றிய ஒரு நோக்கு

சீனப் பழமொழிகளைப் பிறநாட்டார் தொகுத்த முயற்சிகளுள், ஆதர் ஸ்மித் என்னும் அமெரிக்க மிஷனரியார் 1888இல் ஷங்காயில் வெளியிட்ட நூல் பெரிதும் அறியப்பட்டதொன்று. அதன்பின் எழுந்த தொகுப்புகள் மிகப் பல. நட்பு, கல்வி, பொறுமை, வறுமை எனத் தலைப்புகள் வகுத்து, ஒவ்வொன்றின் கீழும் பத்தோ இருபதோ வாசகங்களை நிரைப்படுத்தி, அவை யாவும் ஒரே வாயினின்று பிறந்தன போன்று காட்டுதல் இத்தகைய தொகுப்புகளுக்குப் பொதுவான இயல்பாகும். 'சீனர் கூறுவர்' என்னும் இரு சொற்களுள் 2,500 ஆண்டுகளும், அரசரும் அறிஞரும் உழவரும் கைம்பெண்டிரும் ஒருங்கே அடக்கப்பட்டுவிடுகின்றனர். துன்பம் வந்துற்ற போதும் நெறி பிறழாமை என்னும் பொருள் பற்றிய பழமொழிகளைப் பொறுத்தவரை இக்குறை பாரதூரமானது. ஏனெனில், 'வறுமையிலும் செம்மை காக்க' என்னும் வாசகத்தை வறியவன் தன்னை நோக்கிக் கூறிக்கொள்வது ஒன்று. வயிறு நிறைந்தவன் வறியவனை நோக்கிக் கூறுவது முற்றிலும் வேறொன்று. சொற்கள் மாறுவதில்லை, பொருள் மாறிவிடுகிறது.

சீன மொழியிலே பழமொழி எனப்படுவனவற்றுள் இரு வகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று 'செங்யூ'. பெரும்பாலும் நான்கு எழுத்துகளால் அமைந்து, பழைய நூல்களில் வரும் நிகழ்ச்சியொன்றைச் சுருக்கி நிற்பது. மற்றையது 'யன்யூ'. மக்கள் வாயில் வழங்குவது, தோற்றுவாய் அறியப்படாதது. முன்னையது கற்றோர் உடைமை. பின்னையது சந்தையிலும் வயலிலும் வாழ்வது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துள்ளன என்பது உண்மையே. எனினும் வறுமை பற்றிப் பேசும் போது அவை இரண்டும் இரு குரல்களிற் பேசுகின்றன. வறுமையும் இழிநிலையும் பெருந்தகையோனை அசைக்கமாட்டா என்பது கற்றோர் கூற்று. மனிதன் வறியனானால் மனவுறுதி குறுகும், குதிரை மெலிந்தால் மயிர் நீண்டு தோன்றும் என்பது மக்கள் கூற்று. நொறுங்கிய மரகதமாதல் முழுமையான ஓடாய் இருத்தலினும் மேலானது என்பர் கற்றோர். நல்ல சாவினும் கெட்ட வாழ்வு மேல் என்றும், பசிய மலை எஞ்சியிருக்குமாயின் விறகுக்குப் பஞ்சமில்லை என்றும், பிறர் வீட்டுத் தாழ்வாரத்தின் கீழ் நிற்பவன் தலை குனியாதிருக்க இயலாது என்றும் மக்கள் விடையிறுப்பர். மக்கள் வழக்கிலும் ஆள் வறியனாயினும் உறுதி வறிதாகாது எனக் கூறும் பழமொழி உண்டு. ஆனால் அது தாழ்வாரத்துப் பழமொழிக்கு அருகிலேயே வாழ்கிறது. அதனை வெளியேற்றிவிட்டு வாழவில்லை.

இம்முரண்பாட்டைக் கண்டு முதலில் வியப்படைந்தோர் பிற்காலத்துத் திறனாய்வாளர் அல்லர். கி.மு. 4ஆம் நூற்றாண்டினரான மென்சியஸ் அதனை நன்கு அறிந்திருந்தார். வறுமையால் அசைக்கப்படாத பெருந்தகையோன் பற்றிய கருத்து அவர் பெயரால் வழங்கும் நூலிலேயே இடம்பெறுவது. அதே நூலில், சீ நாட்டு அரசனோடு உரையாடுமிடத்து அவர் வேறொன்று கூறுகிறார். நிலையான பிழைப்பு இல்லாதவிடத்தும் நிலையான உள்ளம் உடையோராய் இருத்தல் கற்றோர்க்கு மட்டுமே இயலும். பொதுமக்களுக்குப் பிழைப்பு நிலையற்றதாயின் உள்ளமும் நிலைபெறாது. அந்நிலையில் அவர்கள் குற்றஞ் செய்தபின் பிடித்துத் தண்டித்தல், மக்களுக்கு வலை விரிப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். முன்னைய கூற்று அறிஞன் தனக்கு விதித்துக்கொள்ளும் கடமை. பின்னையது அரசனுக்கு அவன் விதிக்கும் கடமை. இரண்டையும் ஒருவரே கூறினார் என்பதே இங்கு முக்கியமானது. பழமொழித் தொகுப்புகளிலோ முன்னையது செம்மையின் இலக்கணமாக எங்கும் காணப்படுகிறது. பின்னையது வாதமாக இருந்தமையால் நான்கு எழுத்துகளுக்குள் எளிதில் அடங்கவில்லை.

கொன்பியூசியஸ் பற்றிய நிகழ்ச்சியும் இத்தகையதே. சென் நாட்டில் உணவு தீர்ந்து, உடன் வந்தோர் எழுந்து நிற்கவும் வலுவிழந்து கிடந்த வேளையில், சீலூ என்னும் மாணவர் சினங்கொண்டு சான்றோனுக்கும் இத்தகைய வறுமை உண்டோ என வினவினார். சான்றோன் வறுமையில் உறுதியாக நிற்பான், சிறியோன் வறுமையில் வரம்பு மீறுவான் என்பது ஆசிரியரின் விடை. அவ்விடையின் முற்பகுதி இன்றும் பழமொழியாக வழங்குகிறது. ஆனால் அதனைக் கூறியவர் அப்பொழுது பசித்திருந்தார் என்பதைப் பழமொழி கூறுவதில்லை. கூற்றின் வலு முழுவதும் அப்பசியிலிருந்தே பிறந்தது.

இதற்கு நேர்மாறான தோற்றுவாய் உடையது, கடுங்காற்றிலேதான் வலிய புல் எதுவென அறியலாகும் என்னும் கருத்தமைந்த பழமொழி. பின்னைய ஹான் வமிசத்தை நிறுவிய லியூ சியூ, கி.பி. 25இல் அரியணை ஏறுமுன் போர்க்களங்களில் அலைந்து திரிந்த காலத்தில், யிங்சுவான் பகுதியிலிருந்து அவரைப் பின்பற்றி வந்தோர் ஒருவர் பின் ஒருவராக விலகிச் சென்றனர். வாங் பா என்பவர் மட்டும் எஞ்சினார். அவரைப் பாராட்டித் தலைவன் கூறியதே இவ்வாசகம். அறுநூறு ஆண்டுகளின் பின் தாங் பேரரசர் தைசொங், சியாவோ யூ என்னும் அமைச்சருக்கு அளித்த கவிதையில் இதனையே மீண்டும் எடுத்தாண்டார். இரு முறையும் பேசுவது ஆள்வோன் குரல். தனக்குப் பயன்பட்ட உறுதியை அவன் புகழ்கிறான். விலகிச் சென்றோர் எக்காரணத்தால் விலகினர், வீட்டில் எவரை விட்டு வந்திருந்தனர் என்பன காற்றுக்குத் தெரிவதில்லை. புல்லை அளக்கும் அரசனுக்கும் தெரிய வேண்டியதில்லை. இப்பழமொழியை நெறி பற்றியது எனக் கொள்வதிலும், பணிவு பற்றியது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

மரகதமும் ஓடும் பற்றிய பழமொழியின் வரலாறு இன்னும் கொடியது. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட சீ வமிசத்துப் பேரரசன், தனக்கு முன் ஆண்ட யுவான் குலத்தாரை வேரறுக்க முற்பட்டான். அஞ்சிய யுவான் குலத்தார் சிலர் தம் குலப்பெயரை விடுத்து அரசனின் குலப்பெயராகிய காவோ என்பதை வேண்டிப் பெற எண்ணினர். யுவான் ஜிங்ஹாவோ என்பவர் மறுத்தார். தன் குலத்தைக் கைவிட்டுப் பிறர் குலத்தை ஏற்பதிலும் நொறுங்கிப் போதல் நன்று என்பது அவர் துணிபு. அவர் கூறியதை அரசனிடம் எடுத்துச் சென்றவர் வேறு எவருமல்லர். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரே. ஜிங்ஹாவோ கொல்லப்பட்டார், சகோதரருக்குக் காவோ என்னும் பெயர் கிடைத்தது. இங்கு பேசியவனும் விலை கொடுத்தவனும் ஒருவனே. ஆதலின் இக்கூற்றின் நேர்மையில் ஐயமில்லை. ஆயினும் பழமொழி அவனோடு நின்றுவிடவில்லை. 'மரகதம் நொறுங்குதல்' என்னும் பொருள்படும் அதன் இரு எழுத்துகள் யப்பானிய மொழியிற் 'கியொக்குசாய்' என ஒலிக்கும். 1943ஆம் ஆண்டு மே மாதத்தில் அலூசியன் தீவுக்கூட்டத்து அட்டு தீவில் 2,000க்கும் மேற்பட்ட யப்பானியப் போர்வீரர் ஏறத்தாழ முற்றாக அழிந்தபோது, தலைமைப் பீடம் அவ்வழிவை அறிவிக்கக் கையாண்ட சொல் அதுவே. மீட்கவும் முடியாது, மேற்கொண்டு படை அனுப்பவும் முடியாது எனக் கைவிடப்பட்ட வீரர்களின் சாவு, தொலைவில் அமர்ந்திருந்தோரால் மரகதமாக்கப்பட்டது. ஜிங்ஹாவோ தன்னைப் பற்றிக் கூறியதை ஓர் அரசு பிறரைப் பற்றிக் கூறியது. எழுத்துகளில் மாற்றம் எதுவுமில்லை.

உயிர் துறத்தலே உறுதிக்கு உரைகல் என்னும் எண்ணத்திற்கு எதிராகச் சீன மரபிலேயே நிற்பவர் வரலாற்றாசிரியர் சிமா சியென். தோல்வியுற்ற படைத்தலைவர் லீ லிங்குக்காகப் பரிந்து பேசியமையால் பேரரசர் ஹான் ஊவின் சினத்துக்காளாகி, ஆண்மை நீக்கும் தண்டனைக்கு உட்பட்டார். மானமுடையோர் அத்தண்டனைக்கு முன் தம்மை மாய்த்துக்கொள்வரென அக்காலம் எதிர்பார்த்தது. அவர் உயிர்வாழத் துணிந்தார். தொடங்கிய வரலாற்று நூல் முடிவுறாதிருந்ததே காரணம். ரென் அன் என்னும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சாவு சிலவேளை தாய் மலையினும் கனமாகும், சிலவேளை இறகினும் இலேசாகும் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். இறகினும் இலேசான சாவை மறுத்து, இழிவைச் சுமந்து வாழ்தற்கு அவர் கூறிய நியாயம் அது. இன்று அக்கருத்துப் பழமொழியாகி, பெரும்பாலும் இறந்தோரைப் புகழும் இடங்களிலேயே எடுத்தாளப்படுகிறது. 1944இல் மாஓ சேதுங் ஒரு போர்வீரரின் நினைவுக் கூட்டத்தில் அதனைப் பயன்படுத்தியதும் அவ்வாறே. வாழ்வதற்காகக் கூறப்பட்டது சாவுக்குரிய அணியாயிற்று.

பழமொழி எதை மறக்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது, 'ஏய், வந்து தின்' என அழைத்து இடும் உணவை உண்ணாமை பற்றிய செங்யூ. சீ நாட்டில் பெரும் பஞ்சம். சியென் ஆவோ என்னும் செல்வர் தெருவோரத்தில் உணவு சமைத்துப் பசித்தோருக்கு இட்டார். முகத்தைச் சட்டைக் கையால் மறைத்துக்கொண்டு தள்ளாடி வந்த ஒருவனை அவர் இழிவாக அழைத்தார். அத்தகைய அழைப்பினை ஏற்று உண்ணாமையினாலேயே தான் இந்நிலைக்கு வந்ததாக அவன் மறுத்தான். செல்வர் அவன் பின் சென்று மன்னிப்புக் கேட்டார். அவன் இணங்காது இறந்தான். இவ்வளவும் பழமொழி நினைவூட்டும் பகுதி. சடங்குகள் பற்றிய பழைய நூலில் இந்நிகழ்ச்சி இதனோடு முடியவில்லை. இதனைக் கேள்வியுற்ற கொன்பியூசியஸின் மாணவர் செங்சி ஒரு திருத்தம் கூறுகிறார்: இழிவாக அழைத்தபோது விலகியது சரி; மன்னிப்புக் கேட்டபின் உண்டிருக்கலாம். செம்மைக்கும் பிடிவாதத்துக்கும் இடையிலுள்ள எல்லையை இவ்வளவு சிக்கனமாக வரைந்த கூற்று அரிது. ஆயினும் பழமொழியானது இறந்தவனை வைத்துக்கொண்டு செங்சியை விட்டுவிட்டது.

தாவோ யுவான்மிங் என்னும் கவிஞருக்கும் இத்தகைய குறைப்பு நேர்ந்தது. கி.பி. 405இல் பெங்சே என்னும் சிற்றூர்ப் பகுதியின் ஆட்சியாளராக இருந்த அவர், மேலிடத்திலிருந்து வந்த அற்ப அலுவலன் ஒருவனுக்கு வணக்கஞ் செலுத்த மனமின்றிப் பதவி துறந்தார். ஐந்து படி அரிசிக்காக இடுப்பை வளைக்காமை என்று வழங்கும் தொடர் அவரைக் குறித்தது. பின்னாளில் அவர் எழுதிய கவிதைகளுள் ஒன்றின் தலைப்பே உணவு இரத்தல் என்பதாகும். பசி உந்த எங்கோ நடந்து, ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, சொல் தடுமாறி நின்றதையும், வீட்டவர் குறிப்பறிந்து உதவி மாலைவரை அளவளாவியதையும் அதிற் காணலாம். வளையாத இடுப்புடையவர் இரந்து உண்டார், அதனை மறைக்கவுமில்லை. செங்சி வரைந்த எல்லைக்குள்ளேயே அவர் நின்றார். தம் மைந்தருக்கு எழுதிய மடலில், தமது இயல்பினால் அவர்கள் இளமையிலேயே குளிரும் பசியும் அனுபவிக்க நேர்ந்தமையை அவர் ஒப்புக்கொள்கிறார். ஐந்து படி அரிசியைத் துறந்தவர் ஒருவர். பசித்தோர் ஐந்து பிள்ளைகள். துறவைப் போற்றும் தொடரில் அப்பிள்ளைகள் இல்லை. தந்தையின் மடலில் அவர்கள் இருக்கின்றனர் என்பதே அவருடைய பெருமை.

விலை கொடுப்பவர் வேறு, புகழ் பெறுபவர் வேறு என்னும் நிலை முற்றி முதிர்ந்த இடம் 'ஜியே' என்னும் சொல்லின் வரலாறு. மூங்கிலின் கணுவைக் குறிக்கும் எழுத்து அது. வளைந்தாலும் பிளவுறாமல் மூங்கிலைத் தாங்குவது கணுவாதலின், மனிதனுடைய நெறியுறுதிக்கும் அச்சொல்லே ஆயிற்று. அமைச்சன் இரு வமிசங்களுக்குப் பணிபுரியாமை ஜியே; கைம்பெண் இரு கணவரை மணவாமையும் ஜியே. சொங் காலத்து அறிஞர் செங் யீயிடம் (1033–1107), ஆதரவற்ற ஏழைக் கைம்பெண் மறுமணஞ் செய்யலாமோ என ஒருவர் வினவினார். பட்டினிச் சாவுக்கு அஞ்சியே பிற்காலத்தோர் இவ்வாறு கேட்கின்றனர், பட்டினியால் இறத்தல் சிறு காரியம், ஜியே இழத்தல் பெருங் காரியம் என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். சீனப் பழமொழிகளுள் இதைப் போல் உயிர் குடித்தது வேறு உண்டா என்பது ஐயமே.

செங் யீ கொடியவர் என்று முடிவு கட்டுதல் எளிது, அது பிழையுமாகும். தம் தந்தையாரின் வரலாற்றை எழுதிய போது, கைம்பெண்ணாகிய உறவுப் பெண்ணொருத்தியை அத்தந்தை வீட்டுக்கு அழைத்து மறுமணஞ் செய்துவைத்ததைப் புகழத்தக்க செயலாகவே அவர் குறித்துள்ளார். கண்முன் நின்ற பெண்ணுக்கு ஒரு நீதியும், வினாவில் வந்த பெண்ணுக்கு வேறொரு நீதியுமாக அவர் உள்ளம் இயங்கியது. அவரது கொள்கையைப் பரப்பிய ஜூ சீ (1130–1200) இம்முரண்பாட்டைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, நெறி அதுவேயாயினும் மாந்தர் அதனை முற்றாகக் கைக்கொள்ள இயலாது எனச் சமாதானங் கூறினார். அவரே பிறிதோரிடத்தில், நண்பரொருவரின் சகோதரி மறுமணஞ் செய்யாதிருக்க அறிவுறுத்துமாறு கடிதம் எழுதும்போது செங் யீயின் கூற்றைத் துணைக்கழைத்தார். இவ்வாறு ஒரு வினாவுக்கு விடையாகப் பிறந்த வாசகம் கடிதத்திற் புகுந்து, பின் நூல்களிற் புகுந்து, இறுதியில் ஆட்சியோடு இணைந்தது.

மிங் வமிசம் தொடங்கிய 1368ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறந்தது. முப்பது வயதுக்கு முன் கணவனை இழந்து ஐம்பது வயதுக்கு மேலும் மறுமணஞ் செய்யாதிருந்த பெண்ணின் இல்லம் சிறப்பிக்கப்படும். அக்குடும்பம் அரசுக்குச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பினின்று விலக்களிக்கப்படும். மறுமணஞ் செய்பவளோ தான் கொண்டுவந்த சீதனத்தைக் கணவன் வீட்டாரிடமே விட்டுச் செல்ல வேண்டுமென மிங் சட்டம் விதித்தது. ஆகவே அவள் இருந்தாலும் கணவன் குடும்பத்துக்கு இலாபம், சென்றாலும் இலாபம். நெறி என்று பேசப்பட்டதன் கீழ்ப் பொருளாதாரம் எவ்வாறு அமைந்திருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை. கற்புடைக் கைம்பெண்களுக்காக எழுப்பப்பட்ட கல் வளைவுகள் இன்றும் சீனக் கிராமங்கள் சிலவற்றில் நிற்கின்றன. சிங் காலத்து அறிஞர் தை சென் (1724–1777) இக்கொடுமையை இனங்கண்டார். சட்டத்தினாற் கொல்லப்படுவோருக்கு இரங்குவோர் சிலராவது உளர். 'நியாயம்' என்னும் தத்துவத்தினாற் கொல்லப்படுவோருக்கு இரங்குவார் யார் என அவர் எழுப்பிய வினா, மேலோர் கீழோரை நோக்கி நெறி பேசும் நிலை முழுவதற்கும் எதிரான குற்றச்சாட்டாகும்.

தை சென்னின் வினாவுக்கு உருவங் கொடுத்தவர் லூ சுன். 1918இல் எழுதிய கட்டுரையில் ஜியே பற்றிய கொள்கையை நேர்நின்று தாக்கிய அவர், 1924இல் எழுதிய புத்தாண்டுப் படையல் பற்றிய சிறுகதையில் சியாங்லினின் மனைவியைப் படைத்தார். முதற் கணவன் இறந்தபின் மாமியார் அவளை வலிந்து பிடித்து விற்று மறுமணஞ் செய்விக்கிறாள். அவள் தலையை மேசையில் மோதி எதிர்க்கிறாள். இரண்டாங் கணவனும் இறக்கிறான். குழந்தையை ஓநாய் கொண்டுபோகிறது. மறுவுலகில் இரு கணவரும் உரிமை கோர, யமன் அவளை இரண்டாக அறுப்பான் என்று உடன் பணிபுரியும் கிழவி அச்சுறுத்துகிறாள். சேர்த்துவைத்த ஊதியத்தைச் செலவிட்டுக் கோயிலுக்கு வாயிற்படி ஒன்று அளித்த பின்னரும், படையற் பாத்திரத்தைத் தொட வீட்டுத் தலைவி அவளை அனுமதிப்பதில்லை. ஜியே இழக்க வைத்தோர் ஒரு சாரார். இழந்தமைக்காகத் தண்டித்தோர் மறு சாரார். இருவர் வாயிலும் ஒரே பழமொழி. இக்கதையை வெறுமனே கைம்மை பற்றியது எனக் கொள்ளும் திறனாய்வாளர் அதன் வீச்சைக் குறைத்துவிடுகின்றனர்.

லூ சுன் ஆண்களின் உறுதியையும் சும்மா விடவில்லை. சூ வமிசத்தின் தானியத்தை உண்ண மறுத்து ஷௌயாங் மலையிற் கீரை பறித்து உண்டு பட்டினியால் மாண்ட போ யீ, ஷூ ச்சி என்னும் சகோதரர் இருவரும் செம்மையின் உச்சமாகப் போற்றப்பட்டவர். சிமா சியென் மட்டும் அவர்களுடைய வரலாற்றை எழுதும்போது, நல்லோரை வானம் காக்கும் என்பது மெய்யாயின் இவர்கள் பட்டினியால் இறந்ததேன் என வினவி, விடை கூறாது விட்டார். 1935இல் லூ சுன் எழுதிய கதையில் ஒரு வேலைக்காரப் பெண், அக்கீரையும் அரசனின் மண்ணில் முளைத்ததுதானே எனக் கேட்டுவிடுகிறாள். சகோதரர் அதன்பின் உண்ண இயலாது இறக்கின்றனர். சிரிப்பு இரு பக்கமும் வெட்டுகிறது. சகோதரரின் உறுதி நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது ஒரு பக்கம். பட்டினி கிடப்போரை வேடிக்கை பார்க்க வந்து அவர்களுடைய கடைசிக் கவளத்தையும் பறிக்கும் ஊர்வாய் மறு பக்கம்.

1949 ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்கத் தூதுவர் லெய்ட்டன் ஸ்டுவர்ட் சீனாவை விட்டு நீங்கியதையொட்டி மாஓ எழுதிய கட்டுரையில் போ யீ மீண்டும் தோன்றுகிறார். தாங் காலத்து ஹான் யூ போ யீயைப் புகழ்ந்தது தவறு, பொறுப்பை விட்டோடியவரை விடுத்து வென் யிடுவோவையும் ஜூ ஸிச்சிங்கையும் புகழ வேண்டும் என்பது அவர் கருத்து. நோய்வாய்ப்பட்டிருந்தும் அமெரிக்க நிவாரண உணவை ஏற்பதிலும் பட்டினி கிடப்பதே மேலெனக் கொண்டவராக ஜூ ஸிச்சிங் அங்கு காட்டப்படுகிறார். தெருவோரத்துப் பழமொழிக்கு இருபதாம் நூற்றாண்டில் ஒரு நாயகர் கிடைத்தார். 'ஏய்' என அழைக்கப்பட்ட அப்பழைய மனிதனின் இடத்தில் இப்பொழுது நாடே நின்றது.

பேராசிரியரும் கட்டுரையாளருமான ஜூ ஸிச்சிங் 1948 ஜூன் மாதத்தில் அமெரிக்க மாவை ஏற்காமை பற்றிய அறிக்கையிற் கைச்சாத்திட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நெடுநாள் வருத்திய வயிற்று நோய் முற்றி இறந்தார். அவர் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடையவர். கைச்சாத்திட்ட நாளின் குறிப்பில், இதனால் மாதந்தோறும் அறுபது இலட்சம் ஃபாபி இழப்பு நேரும் என்றும், வீட்டுக்கு அது பெரிய பாதிப்பு என்றும் கணக்கெழுதியிருக்கிறார். பணவீக்கத்தால் மதிப்பிழந்த நாணயம் அது. ஆயினும் பல பிள்ளைகள் உள்ள வீட்டில் அது சில மூடை மாவின் கணக்கு. கணக்கை எழுதிய பின்னும் கைச்சாத்திட்டது சரியே என்று அவர் குறித்தார். மாஓவின் கட்டுரையில் அக்கணக்கு இடம்பெறவில்லை. நாட்குறிப்பில் அது இருக்கிறது.